ஊட்டிக்குப் போகாத விருந்தாளிகளோடு கோவையில்

ஜூலை 10, வியாழன்

வெளியூர்ச் சொந்தங்கள் கோயம்புத்தூருக்கு வந்தால், காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு அவர்களை ஊட்டிக்கோ வால்பாறைக்கோ வண்டியேற்றி அனுப்பிவிடுவது இந்த ஊரின் நெடுநாள் வழக்கம். ஊருக்குள் பார்க்க என்ன இருக்கிறது, மருதமலையும் கடைவீதியும்தானே என்று நம்மவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் எனக்கு என்றுமே உடன்பாடு இருந்ததில்லை. ஆகவே, திருமணமாகிச் சென்னைக்குப் போய் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட என் சின்னம்மா, "ஊட்டியெல்லாம் வேண்டாங் கண்ணு, நம்மூரைச் சுத்திக் காட்டுனாப் போதும்" என்று தொலைபேசியில் சொன்னபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

வந்தவர்கள் சின்னம்மா, சித்தப்பா, கல்லூரியில் படிக்கும் அவர்களுடைய பேரன், சென்னையில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டில் வசிக்கும் தோழி ஆகியோர். தோழி திருவையாற்றுப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கொங்கு நாட்டுக்கு இதுவே அவருக்கு முதல் வருகை. வீட்டுக்குள் வந்த அரை மணி நேரத்தில் அவர் எங்கள் எல்லோருக்கும் 'தஞ்சாவூர் அத்தை' ஆகிவிட்டார்.

ரயிலடியில் இறங்கும்போதே காற்று பிடித்துக்கொண்டது. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவெளி விட்டுத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் இந்தக் காற்று ஓயாமல் வீசும். மேகம் கொண்டுவந்த மழையில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிட, ஊருக்குக் கிடைப்பது குளிர்ச்சியும் சாரலும்தான். சென்னையின் புழுக்கத்திலிருந்து வந்த பேரன் ஆட்டோவிலிருந்து தலையை வெளியே நீட்டியபடியே வந்தான். வடவள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரிய வேண்டிய மருதமலை, மேகத்துக்குள் முழுவதுமாக மறைந்திருந்தது.

நுழைந்ததும் கொடுத்த சிறுவாணித் தண்ணீரைச் சித்தப்பா இரண்டு சொம்பு குடித்தார். பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கும் அணையிலிருந்து வருகிற அந்தத் தண்ணீரின் சுவையை இந்த ஊரில் பிறந்தவர்கள் எங்கே போனாலும் மறப்பதில்லை.

காலை உணவுக்குச் சந்தகை. என் அம்மாவும் சின்னம்மாவும் அடுக்களையை எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வாசற்படியோடு நிறுத்தப்பட்டோம். ஊறவைத்த புழுங்கலரிசியை நைசாக ஆட்டி, மாவை இட்லியாக வேகவைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் முக்காலிபோல் நிற்கும் இரும்பு நாழியில் போட்டுத் திருகிப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகி, திருகுகிறவரின் தோள்பட்டைதான் வலிக்கும். "இது இடியாப்பம்தானே?" என்று தஞ்சாவூர் அத்தை கேட்டார். இடியாப்பத்தில் மாவைப் பிழிந்துவிட்டு வேகவைக்கிறோம், சந்தகையில் வேகவைத்த பிறகு பிழிகிறோம் என்று அம்மா விளக்கினார். வேறுபாடு வாயில் வைத்ததும் தெரிந்துவிடும்: சந்தகையின் இழை மெத்தென்று இருக்கும், உடையாது, எதனோடும் ஒட்டிக்கொள்ளும். பாதியைத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்தும், மீதியை எலுமிச்சை பிழிந்து தாளித்தும் சாப்பிட்டோம். சின்னம்மா நாழியின் கைப்பிடியைக் கடைசிவரை யாருக்கும் கொடுக்கவில்லை.

மாலையில் ஆர்.எஸ். புரத்தில் திவான் பகதூர் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், பேரனுக்காகத் தள்ளுவண்டிக் காளானைத் தேடிப் போனோம். பெயர் காளான் என்றாலும் அதில் முட்டைக்கோசும் மாவும்தான் மிகுதி. பொரித்து வைத்த உருண்டைகளைப் பெரிய தோசைக்கல்லில் போட்டுக் கரண்டியால் கொத்தி, கெட்டியான மசாலாக் குழம்பை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் தூவித் தருகிறார்கள். ஒரு தட்டு 50 ரூபாய். இந்தத் தெருவோரக் காளானைக் கோவையில் வளர்ந்த பிள்ளைகளைப் போல் உரிமையோடு கேட்டுச் சாப்பிடுகிறவர்களை வேறெங்கும் நான் கண்டதில்லை. வண்டிக்காரர் ஒவ்வொருவரிடமும், "காரம் கொஞ்சம் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டுக்கொண்டே கொத்தினார். தஞ்சாவூர் அத்தை தயங்குவதைப் பார்த்து, ஒரு சிறிய கிண்ணத்தில் இரண்டு கரண்டி மட்டும் வைத்து, "புடிச்சா அப்புறம் வாங்கிக்கோங்க அம்மா" என்று நீட்டினார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அத்தை பிறகு முழுத் தட்டு ஒன்று வாங்கினார்.

ஜூலை 11, வெள்ளி

பழைய ஊரை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரில் போனால் டவுன்ஹால் பகுதி என்பது ஹாரன் சத்தமும் நெரிசலும் மட்டுமே. நடந்து போனால் ஒவ்வொரு வீதிக்கும் ஒரு தொழில், ஒரு வாசனை என்று பிரிந்து விளங்கும்.

வெள்ளிக்கிழமை என்பதால் கோனியம்மன் கோயிலிலிருந்து தொடங்கினோம். கோவையின் காவல் தெய்வம் கோனியம்மன். கோவன் என்னும் தலைவன் காடு திருத்தி உண்டாக்கிய ஊர் இது என்றும், அவன் வழிபட்ட தெய்வம் இவள் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். வரிசை தெருவரை நீண்டிருந்தது. முழங்கால் வலியுள்ள சின்னம்மாவைப் பார்த்ததும் முன்னால் நின்ற ஒரு பெண், தன் இடத்தைக் கொடுத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் சின்னம்மாவும் அவரும் மருமகள்களைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

வெளியே வந்ததும் 1892இல் கட்டப்பட்ட விக்டோரியா ஹாலைப் பார்த்தோம். மாநகராட்சி மன்றக் கூட்டங்கள் நடக்கும் இந்தக் கட்டடத்தால்தான் இந்தப் பகுதிக்கே டவுன்ஹால் என்ற பெயர் நிலைத்தது. அங்கிருந்து ஒப்பணக்கார வீதி. துணிக்கடைகளுக்கு நடுவே அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தவர்களுக்கு வழிவிட்டு நாங்கள் ஓரமாக நின்றோம். அந்தச் சிறிது நேரத்தில் சாரல் மழையாகிவிட்டது. தஞ்சாவூர் அத்தையின் செருப்பு வார் அறுந்தது.

நடைபாதை ஓரத்தில் பெரிய கருங்குடையின் கீழ் அமர்ந்திருந்த செருப்புத் தைக்கும் பெரியவர் எங்களைக் குடைக்குள் அழைத்துக்கொண்டார். தம் காலுக்கு வைத்திருந்த ரப்பர் செருப்பை அத்தையிடம் கொடுத்து, "ஈரத்துல வெறுங்காலோட நிக்காதீங்க" என்றார். அறுந்த வாரை மட்டும் தைக்காமல் இன்னொரு காலின் வாரையும் இழுத்துப் பார்த்து அதற்கும் நான்கு தையல் போட்டார். கேட்டது 30 ரூபாய். அத்தை 50 ரூபாய்த் தாளைக் கொடுத்து மீதி வேண்டாம் என்றபோது, மடியிலிருந்து சில்லறையைத் துழாவி எடுத்து 20 ரூபாயை எண்ணிக் கையில் வைத்த பிறகே அடுத்த வேலையைத் தொட்டார்.

ரங்கே கவுடர் வீதியில்தான் சின்னம்மாவுக்கு முழு உயிர் வந்தது. மளிகை மொத்த வணிகம் நடக்கும் அந்த வீதியில் மிளகாய் வற்றல், மல்லி, சீரகம், மஞ்சள், வெல்லம் என்று மூட்டைகளின் வாசனை மழை ஈரத்தோடு கலந்து நெஞ்சை அடைத்தது. எல்லோரும் மாறி மாறித் தும்மினோம். பாரம் ஏற்றிய கைவண்டிகள் வரும்போது சுவரோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. சின்னம்மா ஈரோட்டு விரலி மஞ்சளும் கொள்ளும் வாங்கினார். கடைக்காரர் இரண்டு சாக்குகளிலிருந்தும் கொள்ளை உள்ளங்கையில் எடுத்துக் காட்டி, விலை குறைவானதே கடைவதற்கு நல்லது என்று சொல்லி அதையே கொடுத்தார்.

பகல் உணவை ஒரு சிறிய மெஸ்ஸில் முடித்தோம். சாப்பாடு 150 ரூபாய். கொள்ளுப் பருப்பு, கொள்ளு ரசம், கீரைக் கடைசல், தயிர். இலையில் வைத்த கொள்ளுப் பருப்பைத் தஞ்சாவூர் அத்தை முதலில் சந்தேகத்தோடுதான் தொட்டார். அவர் ஊரில் கொள்ளு என்பது குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கிற தீனி. வேகவைத்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகத்தோடு சேர்த்து அரைத்துச் சுடுசோற்றில் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவதும், கொள்ளு வெந்த நீரை வீணாக்காமல் ரசம் வைப்பதும் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. மலையின் மழை மறைவில் இருக்கும் இந்தப் பகுதிக்கு ஆண்டு மழை 700 மில்லிமீட்டர் அளவே. நெல்லுக்குப் போதாத அந்த மழையில் விளைந்தவை கம்பும் சோளமும் கொள்ளும் பருத்தியும்தான். அந்த மண்ணின் சமையலே இந்த இலையில் இருந்தது. பெரிய உணவகங்கள் பிரியாணியையும் தந்தூரியையும் முன்னால் வைத்து, இதை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அத்தை இரண்டாம் முறை ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மாலையில் வனக் கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் அருங்காட்சியகம். காஸ் என்ற வன அதிகாரி தொடங்கி 1902 முதல் இருந்து வருவது. மரத் துண்டுகளும் விதைகளும் பாடம் செய்த விலங்குகளும் நிறைந்த அந்தக் கூடங்களில் பேரன் படமெடுத்துக்கொண்டே இருந்தான். எனக்குக் கட்டடத்தைவிட வளாகத்து மரங்களின் கீழே, மழை விட்ட ஈரத்தில் உட்கார்ந்திருந்தது பிடித்திருந்தது.

ஜூலை 12, சனி

கோவைக் குற்றாலம் போவதாகத்தான் திட்டம். பேரூர், ஆலாந்துறை வழியாகத் தென்னையும் பாக்கும் வாழையும் இருபுறமும் அடர்ந்த சாலையில், வெள்ளியங்கிரி மலையைப் பார்த்தபடியே போனோம். சாடிவயல் சோதனைச் சாவடியில் தடுத்து நிறுத்திவிட்டார்கள். மலையில் இரவெல்லாம் பெய்த மழையால் அருவியில் வெள்ளம், யாருக்கும் அனுமதியில்லை. காவலர், "குழந்தைகளோட வந்தவங்களையும் திருப்பித்தான் அனுப்புறோம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஒவ்வொரு வண்டியிடமும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். பேரனின் முகம் வாடியது. திரும்புகிற வழியில் ஒரு புளியமரத்தடியில், ஒரு மூதாட்டி அவித்த கடலைக்காயைக் குவித்து வைத்து விற்றார். படி அளந்து பொட்டலம் கட்டியவர், மேலும் ஒரு கைப்பிடி அள்ளிப் பேரன் கையில் போட்டு, "பொழுதோட ஊட்டுக்குப் போயிருங்க சாமி, மழை வலுக்கும்" என்றார். பொட்டலம் 20 ரூபாய். அவித்த கடலையின் உப்புநீர் விரலில் வழிய, காருக்குள் சிறிது நேரம் பேச்சே இல்லை.

அருவியை இழந்த அந்த நாளைப் பேரூர் மீட்டுக் கொடுத்தது. மலையில் பெய்த மழை நொய்யலில் வந்துகொண்டிருந்தது. படித்துறையில் செம்மண் கலந்த நீர் நான்கு படிகளை மூடி ஓடியது. நீத்தார் கடன் செய்ய வந்திருந்த குடும்பங்கள் கரையோரம் குழுக்குழுவாக அமர்ந்திருந்தன. சித்தப்பாவும் தம் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்தார். தஞ்சாவூர் அத்தை படியில் இறங்கி நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, "இது எங்கே போய்ச் சேருது?" என்று கேட்டார். வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகள் வழியாகக் கோவையின் குளங்களை நிரப்பி, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது என்றேன். "அப்படீன்னா எங்க ஊருக்குத்தான் வருது" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சொந்தம் எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. அந்த ஆறு திருப்பூர்ப் பக்கம் சாயக்கழிவால் பட்ட பாட்டையும் நான் மறைக்கவில்லை. காவிரிக்கு நல்ல நீராகப் போய்ச் சேர வேண்டிய ஆற்றை நாம் எத்தனை அலட்சியமாக வைத்திருந்தோம் என்று, வந்த விருந்தாளியிடம் சொல்ல வேண்டியது நம் கடமை என்று நினைக்கிறேன்.

காஞ்சிமாநதி என்பது நொய்யலின் பழைய பெயர். தில்லையில் பாடிய பதிகத்தில் சுந்தரர் காஞ்சிக்கரைப் பேரூரை நினைத்துக்கொள்கிறார். சுந்தரர் பொருள் கேட்டு வருகிறார் என்று அறிந்து, பேரூர்க் கோயிலின் இறைவனான பட்டீசுவரரும் அம்மையும் உழவர் வேடத்தில் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்ததாக இங்கே ஒரு கதை உண்டு. அதையொட்டி ஆனி மாதத்தில் நாற்று நடவு விழா இன்றும் நடக்கிறது. நடவு என்ற சொல்லைக் கேட்டதும் அத்தை அர்ச்சகரைப் பிடித்துக்கொண்டு, எந்த வயல், என்ன நெல், எத்தனை நாள் நாற்று என்று கேள்விகளை அடுக்கினார். அர்ச்சகரும் பொறுமையாக விளக்கினார். கொங்கு நாட்டில் நெல் வயலைப் பார்க்க வேண்டுமானால் நொய்யல் கரைக்குத்தான் வர வேண்டியிருந்தது என்பதை அந்தக் கதையே சொல்கிறது.

கோயிலின் கனகசபையில் நீண்ட நேரம் இருந்தோம். 17ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் எழுந்த அந்த மண்டபத்துத் தூண்களில் வீரபத்திரரும், யானையின் தோலை உரித்து நிற்கும் கஜசம்ஹாரமூர்த்தியும், ஊர்த்துவ தாண்டவரும், காளியும் ஆள் உயரத்தை மிஞ்சி நிற்கிறார்கள். கஜசம்ஹாரர் சிற்பத்தில் விரல் நகமும், யானைத் தோலின் மடிப்பும் தனித்தனியே தெரியும். விதானத்திலிருந்து ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. அருவி கிடைக்காத ஏமாற்றத்தில் உள்ளே வரத் தயங்கிய பேரன், தூண் தூணாகச் சுற்றி வந்து, எந்த உளியால் இதைச் செய்திருப்பார்கள் என்று சித்தப்பாவைக் குடைந்துகொண்டிருந்தான். வாசலில் பிறவாப்புளியைக் காட்டினேன். அதன் விதை முளைப்பதில்லை என்பது நம்பிக்கை. பேரூரில் இறப்பவர்க்கு மறுபிறப்பில்லை என்பதன் அடையாளமாக அதைச் சொல்கிறார்கள்.

மாலையில் உக்கடம் பெரியகுளத்தின் கரையில் நடந்தோம். காலையில் பேரூரில் பார்த்த அதே நொய்யலின் நீர்தான் வாய்க்கால் வழியாக இந்தக் குளத்துக்கும் வருகிறது. கரையை அழகுபடுத்தி நடைபாதை போட்டிருப்பது நல்லதுதான். விளக்குகளைவிட குளத்துக்குள் நிற்கும் நீர்க்காகங்களையும் நாரைகளையும் பார்க்கிறவர்கள் கூடினால் இன்னும் நல்லது.

ஜூலை 13, ஞாயிறு

விடிவதற்கு முன்பே ஆர்.எஸ். புரம் உழவர் சந்தை. சின்ன வெங்காயம், அவரை, தட்டைப்பயறு, முருங்கைக்கீரை, தேங்காய் எல்லாம் வாங்கிப் பைகள் நிறைந்தும் 400 ரூபாய்க்குள் அடங்கியது. சென்னை விலையோடு ஒப்பிட்டுச் சின்னம்மா ஒவ்வொரு கடையிலும் வியந்தார். சந்தையிலிருந்து வந்ததும் ஒரு பேக்கரியில் நின்றோம். கோவையில் டீக்கடை என்று தேடினால் எதிரே வருவது பேக்கரிதான்: கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன்னும் வெஜ் பப்ஸும், பக்கத்திலேயே பித்தளைப் பாய்லர். சித்தப்பா இளம் வயதில் மில்லில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்டு முடிந்து வெளியே வந்ததும் இப்படி ஒரு கடையில் டீயும் பன்னும் சாப்பிட்ட பிறகுதான் கண்ணில் தூக்கமே வரும் என்று சொல்லி, டீயில் பன்னை முக்கிச் சாப்பிட்டுக் காட்டினார். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய ஆலையில் ஆரம்பித்து, நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த 1930களில் பெருகிய பஞ்சாலைகளில் எது எது எங்கே இருந்தது, எந்தச் சங்கு எந்த ஆலையுடையது என்று அவர் சொல்லச் சொல்ல, பக்கத்து மேசையில் இருந்த வயதான ஒருவர் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார். அவரும் பழைய மில் தொழிலாளி. நாங்கள் எழுந்தபோது எங்கள் டீக்கும் அவர் பணம் கொடுத்து முடித்திருந்தார். திருப்பிக் கொடுக்கப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மதியம் வீட்டில் அரிசியும் பருப்பும் சாதம், நாட்டுக்கோழிக் குழம்பு. அரிசியையும் துவரம் பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகு, சீரகம் தாளித்து ஒன்றாக வேகவைத்து, இறக்கியதும் நெய் விடுகிற இந்தச் சாதம், தோட்டத்து வேலை முடிந்து வருகிறவர்களுக்கு ஒரே பாத்திரத்தில் விரைவாகச் சமைக்கக் கண்டுபிடித்ததாகத்தான் இருக்க வேண்டும். பெயரில் பகட்டு இல்லை, சுவையில் குறைவில்லை. குழம்புக்குத் தேங்காயும் மசாலாவும் கிரைண்டரில் அரைபட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கிரைண்டரே கோவையின் கண்டுபிடிப்பு என்று என் கணவர் சொன்னார். 1955இல் சபாபதி என்பவர் இந்த ஊரில் உருவாக்கிய மின் ஆட்டுக்கல் நாடெங்கும் பரவி, 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் பெற்றது. அதன் கல் ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல். முதல் நாள் சந்தகை மாவும் அதில் ஆட்டியதுதான்.

அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டோம். சாலை நடுவே மேம்பாலத் தூண்களின் வேலை நடந்ததால் ஊர்ந்துதான் போக முடிந்தது. முன்னால் போன ஆட்டோவில் சித்தப்பாவும் பேரனும். ஓட்டுநர் தடுப்பைச் சுற்றப் போய்ப் பீளமேடு வரை கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து சேர அரை மணி நேரம். மீட்டர்படி அதிகமாகக் காட்டியும் முதலில் பேசிய 120 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க மாட்டேன் என்று நின்றார். "வழி தப்புனது நானுங்க, நீங்க எதுக்குக் குடுக்கோணும்?" என்றார்.

அருங்காட்சியகம் 2015 முதல் திறந்திருக்கிறது. வரிசையாக நிற்கும் பழைய கார்களைவிட, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றியே சித்தப்பா பேசிக்கொண்டு வந்தார். ஜி.டி. நாயுடு 1893இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கியவர். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டாரை 1937இல் அவரும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இங்கே செய்தார்கள். அத்தை, "தண்ணி இல்லாத ஊர்ல தண்ணி இறைக்கத்தானே மோட்டாரு தேவைப்படும்" என்றார். அதுவேதான். ஆழக் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவர வேண்டிய தேவைதான் இந்த ஊரில் பம்புகளையும், அவற்றை வார்க்கும் பட்டறைகளையும் பெருக்கியது. கொள்ளு ரசமும் மோட்டாரும் ஒரே வறண்ட மண்ணில் பிறந்தவை என்று இத்தனை நாளாக எனக்குள் இருந்த எண்ணத்தை, காவிரிக் கரையிலிருந்து வந்தவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

கடைசி நாள் காலை அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லி. 1968 முதல் இந்த ஊரின் காலைப் பொழுதுகளோடு கலந்துவிட்ட பெயர் அது. இட்லி மூழ்குமளவு ஊற்றிய பிறகும் பரிமாறுபவர் சாம்பார் வாளியோடு இரண்டு முறை வந்தார். தஞ்சாவூர் அத்தை, தம் ஊர்ச் சாம்பார் இதைவிட நீர்த்தும் புளிப்பாகவும் இருக்கும், இதில் மல்லியும் பருப்பும் முன்னால் நிற்கின்றன என்று நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார். எது மேல் என்று பேரன் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இன்னொரு தட்டு வாங்கினார்.

அங்கிருந்து மேட்டுப்பாளையம் சாலைப் பூ மார்க்கெட். சத்தியமங்கலத்து மல்லிகையும் சம்பங்கியும் கூடைகூடையாக இறங்கிக்கொண்டிருந்தன. பண்டிகை இல்லாத நாள் என்பதால் முழம் 30 ரூபாய்க்குக் கிடைத்தது. பிறகு ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸில் மைசூர்பா. 1948இல் மகாதேவ ஐயர் இந்த ஊரில் தொடங்கிய கடை. நெய் மணக்க, கடிக்கத் தேவையில்லாமல் கரைகிற அந்த மைசூர்பாவை வாங்காமல் கோவையிலிருந்து ரயிலேறுகிறவர்கள் குறைவு.

மருதமலைக்கு ஏற முடியவில்லை. சின்னம்மாவின் முழங்கால் ஒரு காரணம், விடாத சாரல் மற்றொன்று. பேரனும் என் கணவரும் பகலில் ஈஷாவுக்குச் சென்று 112 அடி உயர ஆதியோகி சிலையை மழையில் நனைந்தபடி பார்த்துவிட்டு வந்தார்கள். சுக்கிரவார்பேட்டை, கோட்டைமேடு, வேளாண் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் தோட்டம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் பாக்கி.

ரயிலில் ஏறியபோது சின்னம்மாவின் பைகள் வந்தபோது இருந்ததைவிட இரண்டு மடங்காகியிருந்தன. மஞ்சள், கொள்ளு, தேங்காய், மைசூர்பா, அம்மா கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. பெரிய பையை மேல்தட்டில் ஏற்ற முன்வந்த இளைஞர், அதன் கனத்தைப் பார்த்து, "உள்ளே என்னங்க, அம்மிக்கல்லுங்களா?" என்று கேட்டார். மாசியில் கோனியம்மன் தேருக்கு மறுபடி வருவதாகச் சின்னம்மா சொல்லியிருக்கிறார். தஞ்சாவூர் அத்தை தம் தங்கையையும் அழைத்து வருவாராம். அப்போதும் ஊட்டி வேண்டாம், ராஜ வீதியில் தேர் திரும்புகிற இடத்தில் நிற்க ஒரு வீட்டுத் திண்ணை மட்டும் பார்த்து வை என்று கேட்டுக்கொண்டார்.